மீகாமன் கைக்கருவி



மலைநாட்டில் வாழும் நமக்குக் கடல் தொலைவிலுள்ள ஒரு பொருளாகத் தோன்றலாம். அது வெறுந் தோற்றமே. அக்கரப்பத்தனையில் ஓடும் ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவொடு கலந்து, மகாவலியாய்ப் பெருகி, கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. நம் முன்னோரோ அதற்கு எதிர்த்திசையில், கடல் கடந்து மலையேறி வந்தவர்கள். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், தமிழகக் கரையிலே தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக வந்தனர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியது 1914 ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர்த் தோணியில் வந்தவர்களின் உயிர், அதனைச் செலுத்திய தண்டையலின் கண்ணிலும் கையிலும் இருந்தது. அந்தத் தண்டையலின் கையில் என்ன கருவி இருந்தது? அக்கருவியின் வழித்தோன்றலாக இன்று படகுகளில் விளங்குவது யாது? இவ்விரு வினாக்களையுமே இன்றைய பேச்சிற்குப் பொருளாகக் கொள்கிறேன்.

குறுகிய கடலைக் கடப்பவனுக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. பாக்கு நீரிணைப் பகுதியின் பெரும்பாகம் பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. அங்கே புயலைப் போலவே மணல் மேடும் பகையாகும். ஆகவே ஈயக் குண்டு கட்டிய கயிற்றை நீரில் விட்டு, ஒரு பாகம், இரண்டு பாகம் என்று ஆழம் பார்த்தனர். இரு கைகளையும் அகல விரித்தால் விரல் நுனிகளுக்கு இடைப்பட்ட நீளமே பாகம். ஏறக்குறைய ஆறு அடி. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதன் வரவைக் கொண்டு திசையும் பருவமும் அறிந்தனர். திசைகாட்டி கைக்கு வந்தபின் அதனைச் ‘சமுக்கா’ என வழங்கினர்.

ஆனால் கரை மறைந்த பெருங்கடலில் ஆழக் கயிறு உதவாது. அங்கே தண்டையலுக்கு உதவியது ஒரு சிறு மரப்பலகை. அரபுக் கடலோடிகள் அதனைக் ‘கமால்’ என்றனர். தமிழில் அதற்கு ‘இராப்பலகை’ என்று பெயர். இரவிலே பயன்படுவதாதலின் அப்பெயர் மிகப் பொருத்தமே. உள்ளங்கையளவான நாற்கோணப் பலகை; அதன் நடுவே ஒரு துளை; துளையிற் கோத்த ஒரு நூற்கயிறு; கயிற்றிலே இடையிடையே முடிச்சுகள். அமைப்பு இவ்வளவே. ஒரு முடிச்சைப் பல்லிற் கடித்துக்கொண்டு, கயிறு விறைப்பாக நிற்கும்படி பலகையை முன்னே நீட்டவேண்டும். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும், மேல் விளிம்பு துருவ மீனையும் ஒருங்கே தொடுமாயின், அம்முடிச்சிற்குரிய துறையின் நேர்கோட்டில் கலம் நிற்கின்றது என்று பொருள். வடக்கே செல்லச் செல்லத் துருவ மீன் உயரும், பலகையை முகத்தருகே கொணரவேண்டும், கயிறு குறுகும். தெற்கே வர வர மீன் தாழும், கயிறு நீளும்.

இதிலுள்ள கணிதம் எளியது. துருவ மீனின் உயரம் ஏறக்குறைய அவ்விடத்தின் அகலாங்குக்குச் சமமாகும். பருத்தித்துறை 9 பாகை 50 கலைக்கு அண்மையிலும், நாகபட்டினம் 10 பாகை 46 கலைக்கு அண்மையிலும் உள்ளன. இரண்டிற்கும் இடையே வேறுபாடு ஒரு பாகைக்கும் சற்றுக் குறைவே. கடலோடிகள் ‘விரல்’ என்ற அளவையால் விண்மீன் உயரத்தைக் கணித்தனர். ஒரு விரல் ஏறக்குறைய ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகும். அசையும் தோணியில் நின்று ஒரு விரலுக்கும் குறைந்த வேறுபாட்டைக் கண்டறிவதற்கு எத்துணைப் பயிற்சி வேண்டும் என எண்ணிப் பாருங்கள். அன்றியும், 1500 ஆம் ஆண்டளவில் துருவ மீன் உண்மையான வடதுருவத்திலிருந்து மூன்றரைப் பாகையளவு விலகியிருந்தது. எனவே மற்றை விண்மீன்கள் நிற்கும் நிலை நோக்கி, எவ்வேளையில் அளப்பது என்பதையும் தண்டையல் அறிந்திருக்க வேண்டும்.

இக்கருவியைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் பிறர் எழுதியவையே. 1498 இல் வாஸ்கோ ட காமா ஆபிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியில் வழிகாட்டி ஒருவனைப் பெற்றபோது, இந்தியக் கடலோடிகள் பலகைகளைக் கொண்டு விண்மீன் அளக்கும் முறையை அறிந்துகொண்டான் எனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதியுள்ளார். 1836 இல் ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தாவில் அரபுக் கருவிகளைக் குறித்துக் கட்டுரை வரைந்தார். 1850 இல் சென்னையில் வெளிவந்த ஓர் ஆய்விதழிலே காங்கிரீவ் என்பவர், சோழமண்டலக் கரைக் கடலோடிகள் கையாண்ட கருவிகளை விவரித்தார். இவர்கள் எழுதியிராவிடின் நாம் அறிந்திருப்பது மிகக் குறைவாகவே இருக்கும். பலகையைப் பிடித்த கைகள் எழுதுகோலைப் பிடிக்கவில்லை. தந்தை மகனுக்குச் சொன்னான். சொல்லும் தொழில் நின்றபோது கல்வியும் நின்றது.

மேலைநாட்டில் நிகழ்ந்தது வேறு. 1731 இல் ஹாட்லி கோணமளக்கும் கருவியை அமைத்தார். அதன் வழியே செக்ஸ்டன்ட் தோன்றியது. 1761 இல் ஹரிசனின் கடிகாரம் கடலிற் சோதிக்கப்பட்டு, நெட்டாங்கு காணும் வழி பிறந்தது. உயரத்திற்கு ஒரு கருவி, நேரத்திற்கு ஒன்று, வேகத்திற்கு ஒன்று, ஆழத்திற்கு ஒன்று, இவற்றோடு கடற்படம் என மீகாமனின் மேசை நிறைந்தது.

எனினும் நம் மக்களின் கடற்றிறம் ஒருநாளில் மறைந்துவிடவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனை 1937 இல் இலங்கையிலிருந்து செலுத்திச் சென்று, சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் பெருங்கடல் ஆகியவற்றைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தனர். அன்று விண்ணிற் செய்மதி ஒன்றுமில்லை.

இன்றோ மீகாமன் மேசையிற் பரந்திருந்த கருவிகள் அனைத்தும் ஒரு சிறு பெட்டியினுள் ஒடுங்கிவிட்டன. இருக்குமிடம், செல்லும் திசை, வேகம், ஆழம், கடற்படம், பிற கலங்களின் நடமாட்டம் யாவற்றையும் ஒரே திரை காட்டுகின்றது. ஏறத்தாழ இருபதாயிரம் கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதிகள் நான்கேனும் அனுப்பும் நேரக் குறிப்புகளை ஒப்பிட்டு, அது இடத்தைக் கணிக்கின்றது. அமெரிக்காவின் செய்மதி அமைப்பு 1995 இல் முழுமை பெற்றது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழையோடு தரப்பட்டுவந்த சமிக்ஞை 2000 மே மாதத்திற் சீராக்கப்பட்டது. அதன் பின்னரே சிறு படகுகாரனுக்கும் நம்பகமான இடக்குறிப்புக் கிடைத்தது.

இக்கருவியைப் படகிற் பொருத்துவது சுவரில் மணிக்கூடு மாட்டுவது போன்றதன்று. சமிக்ஞை வாங்கும் அலைவாங்கி வானத்தை மறைப்பின்றி நோக்கவேண்டும். உலோகக் கூரையின் கீழே வைத்தலாகாது. ஆழமறியும் உறுப்பு, இயந்திர விசிறியின் நுரை தீண்டாத அடிப்பாகத்தில் அமையவேண்டும். கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். அனுப்பிய ஒலி செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கில் திரும்பினால் ஆழம் 15 மீற்றர். ஆனால் அது அவ்வுறுப்பிலிருந்து அளந்த ஆழமே. அதற்கும் கீழே படகின் அடிமரம் எவ்வளவு இறங்கியுள்ளதென்பதைக் கருவிக்குச் சொல்லிவைக்காவிடின் மணல் மேட்டில் ஏறவேண்டியதுதான். காந்தத் திசைகாட்டியின் அருகே இதனை வைத்தால் ஊசி பிறழும். இயந்திரம் முடுக்கும் பற்றரியிலேயே இதனையும் இணைத்தால், முடுக்கும் வேளையில் மின்னழுத்தம் தாழ்ந்து கருவி அணையக்கூடும். பழைய கடற்படங்கள் வேறு அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. இரண்டையும் ஆராயாது கலந்தால் புள்ளி இடம் மாறி விழும். ஆதலால் பொருத்தியவுடன் துறைமுகத்தில் நன்கறிந்த ஓரிடத்தில் நின்று, திரை காட்டுவது சரியா எனச் சோதித்தல் முதற்கடமை.

கையாளும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. படகின் தலை நோக்கும் திசை வேறு; படகு உண்மையிற் செல்லும் திசை வேறு. முன்னதைத் திசைகாட்டியும் பின்னதைத் திரையும் காட்டும். இரண்டும் வேறுபட்டால் காற்றோ நீரோட்டமோ படகைத் தள்ளுகின்றது என்று அறியவேண்டும். இதனைப் பழைய தண்டையல் அலையின் அசைவினாலே உணர்ந்தான். திரும்பி வரவேண்டிய துறையின் இடத்தை நாம் இக்கருவியிற் பதித்துவைக்கிறோமே, அது யாது? இராப்பலகைக் கயிற்றின் முடிச்சே அது! அன்று நூலில் இட்ட முடிச்சு இன்று நினைவகத்திற் பதியும் எண்ணாயிற்று, வேறொன்றுமில்லை.

இது பொழுதுபோக்கிற்குரிய ஆராய்ச்சியன்று. இந்தியாவும் இலங்கையும் 1974 இலும் 1976 இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் இரு நாடுகளுக்கும் இடையே கடல் எல்லை வகுக்கப்பட்டது. அக்கோடு நீரின்மேல் வரையப்பட்டதன்று, திரையிலேதான் தெரியும். அதன் எப்பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துச் சிறையும், படகிழப்பும், இரு கரைக் குடும்பங்களின் பசியும் அமைகின்றன. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தபோது, ஆழ்கடற் படகுகளில் செய்மதி வழிக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது; 2016 இல் தடை நீங்கியது. கருவி இன்று மீகாமனுக்கு வழி காட்டுவதோடு, மீகாமன் சென்ற வழியைக் கரையிலுள்ளோருக்கும் காட்டுகின்றது.

வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் இதுவே: கருவி வந்தபின் கடலறிவு தேவையில்லை என்று எண்ணுவது தவறு. பழையதே போதும் என்பதும் தவறு. மின் அற்றுப்போன இரவில் திரை இருண்டுவிடும். துருவ மீன் இருளாது. அதே வேளை, மேகம் மூடிய இரவில் துருவ மீன் தெரியாது, திரை தெரியும். இரண்டையும் அறிந்தவனே கரை சேர்வான்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பூகோளப் பாடத்தில் அகலாங்கு என்னும் சொல்லைப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர். அதனைக் கண்ணாற் காண்பதில்லை. ஒரு சிறு பலகை, ஒரு முழம் நூல். இவற்றிற்குச் செலவு ஒன்றுமில்லை. நம் மலையில் அடிவானத்தைச் சிகரங்கள் மறைக்கும். ஆயினும் மட்டக்கோல் கொண்டு கிடைநிலை பார்த்து, தெளிந்த இரவில் துருவ மீனின் உயரத்தை ஏறக்குறைய அளக்கலாம். ஏழு பாகையளவில் அது நிற்பதைக் காணும் பிள்ளை, தான் பூமியில் எங்கே நிற்கிறோம் என்பதைத் தானே கண்டறிந்த பிள்ளையாகும். நம் முன்னோரை இக்கரை சேர்த்த பெயரறியாத் தண்டையல்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றியும் அதுவே.