விதை முந்தியது, சட்டம் பிந்தியது

மரபணு மாற்றுப் பயிர்களைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-லேயே விதிகள் வந்துவிட்டன. அனுமதி கொடுக்க மத்திய அரசின் குழுவும் உண்டு.

ஆனால் 2001-ல் குஜராத்தில் என்ன நடந்தது தெரியுமா? காய்ப்புழு தாக்கிப் பருத்தி வயல்கள் பாழானபோது, 'நவபாரத் 151' விதைத்த வயல்கள் மட்டும் தப்பி நின்றன. சோதித்துப் பார்த்தால் உள்ளே பி.டி. மரபணு! அனுமதியே வாங்காத விதை. பயிரை அழிக்கச் சொல்லிக் குழு உத்தரவு போட்டது. விளைந்து நிற்கும் பருத்தியை எரிக்க எந்த விவசாயி சம்மதிப்பார்? பஞ்சு சந்தைக்குப் போய்விட்டது. பருத்திக்கொட்டையிலிருந்து சமையல் எண்ணெயும் மாட்டுக்குப் பிண்ணாக்கும் எடுக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இந்தியாவில் முதல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்ததே 2002 மார்ச்சில்தான்.

தணிக்கைப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லித்தருவது இதுதான்: விதி எழுதுவது வேறு, அது நடக்கிறதா என்று பார்ப்பது வேறு. விதைக்கடையில் மாதிரி எடுக்க ஆளும், சோதிக்க ஆய்வுக்கூடமும் போதாத வளரும் நாடுகளில், விவசாயியின் வயலே ஆய்வுக்கூடம் ஆகிவிடுகிறது. நஷ்டம் வந்தால் அதுவும் அவர் தலையில்தான்.

குற்றவாளி விவசாயியா, விதை விற்றவரா, பார்க்காமல் இருந்த அரசா? நீங்களே சொல்லுங்கள்.