கோடியக்கரையில் வளையமிட்ட பறவைகள்

இந்தியாவில் வலசைப் பறவைகளின் போக்கை முறையாக ஆராயும் பணிக்கு வழிகோலியது பறவைகள்மீதான பரிவன்று, நோயச்சமே. 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து, மனிதரையும் காய்ச்சல் தாக்கியபோது, அதன் கிருமி ரஷ்யாவில் உண்ணிகள் பரப்பும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கியது எனத் தெரியவந்ததால், வடக்கிலிருந்து வரும் பறவைகளே அதைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. அதையொட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. ஐயம் மெய்ப்படவில்லை, ஆய்வு மட்டும் நிலைத்துவிட்டது.

வளையமிடுதல் என்பது, உயிருடன் பிடித்த பறவையின் காலில் தொடர் எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த மெல்லிய உலோக வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவதாகும். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து அமையுமாறு பறவையை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து, இறக்கையின் நீளத்தை அளந்து, சிறு பையிலிட்டு எடை பார்த்தபின் அதை விடுவிப்பர். பிடிக்கும் கலையோ ஏட்டில் இல்லை. தலைமுறைகளாகப் பறவை பிடித்துப் பிழைத்த பீகாரின் மிர்ஷிகார்களிடம் இருந்தது. அவர்களுள் அலி ஹுசேன் போன்றோரின் கண்ணியும் வலையும் இன்றி இவ்வாய்வு நடந்திருக்குமா என்பது ஐயமே. வளையம் பற்றிய தகவலும் பெரும்பாலும் வேட்டையாடியவரிடமிருந்தே திரும்பி வந்தது என்பது இவ்வரலாற்றின் மற்றொரு முரண்.

இவ்வாய்வில், தமிழ்நாட்டின் கடலோரச் சதுப்பான கோடியக்கரையில் உள்ளான்களுக்கு இட்ட வளையங்கள் சைபீரியாவுடனான அவற்றின் தொடர்பைக் காட்டின. அதைவிடப் பயனுள்ள செய்தியை அதே இடத்தில் மீண்டும் சிக்கிய பறவைகள் தந்தன: பல உள்ளான்கள் ஆண்டுதோறும் இதே சதுப்புக்குத் திரும்பின; புறப்படும் பருவத்துக்கு முன் கொழுப்பைச் சேர்த்து எடை கூடின. ஆகவே இங்குள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பு உப்பளமாகவோ வறள்நிலமாகவோ மாறினால், அவை வேறிடம் தேடிக்கொள்ளும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நெடும்பயணத்துக்கான இரையே அங்குதான் கிடைக்கிறது.

1967இல் கோடியக்கரை சரணாலயமானபோது வெளிமானே முதன்மையாகக் கருதப்பட்டது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோதோ, சரணாலயக் காட்டுக்கு அப்பால் விரிந்துகிடக்கும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் அந்த எல்லைக்குள் வந்தது.