மருத்துவம் படிக்க வந்தவர்கள் அதற்கு முன் எதைப் படித்திருந்தார்கள்?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வேளைகளில், மருத்துவபீடத்துக்குத் தெரிவானோர் பற்றிய செய்திகளைப் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறேன். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய பாடங்களின் இஸட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே இன்று அந்த வாசலைத் தீர்மானிக்கின்றன. இப்பரீட்சைகள் தோன்றுவதற்கு முன்னர் மருத்துவம் பயில வந்த நம்மவர் எத்தகைய கல்வியுடன் வந்தனர்?

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848 இல் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பள்ளி 1870 இலேயே ஆரம்பமானது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். கிறீனின் ஆரம்ப மாணவர்களுட் பலர் வட்டுக்கோட்டை செமினரியில் கற்றவர்கள். 1823 இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரியில் கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் என்பவற்றுடன் ஆங்கிலமும் தமிழும் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கு கற்றவர்களே. ஆகவே, ஆங்கில மருத்துவ நூலைக் கையிலெடுக்கும் முன்னரே அம்மாணவர்களிடம் விஞ்ஞான அடித்தளம் இருந்தது. எஞ்சியதை அவர்கள் மருத்துவமனையில் நோயாளர் மத்தியிற் கற்றனர்.

1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர்களோ அரசாங்க உத்தியோகங்களை நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். விடுமுறையில் தாயகம் சென்று 1862 இல் திரும்பிய கிறீன், போதனா மொழியையே மாற்றினார். ஆங்கிலம் அறியாத, ஆனால் தமிழிற் கல்வி பெற்ற இளைஞருக்கும் அதனால் வாசல் திறந்தது. தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே தங்கி மக்களுக்குப் பணிபுரிவான் என்பது அவரது எண்ணம். இதற்கெனவே 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தன. 1873 இல் அவர் நாடு திரும்பும் முன்னர் அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கியிருந்தார்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர் அதே மொழி வேறொரு கணக்கில் எடுக்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டு அனுமதியில், மருத்துவபீடம் செல்வதற்கு 400 புள்ளிகளுக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவர் 229 புள்ளிகளும் பெற வேண்டும் என நிர்ணயிக்கப்பட்டது. இதுவே தரப்படுத்தலின் தொடக்கம். அதன் விளைவுகளை நம்மவர் அறிவர்.

மானிப்பாயில் ஒரு மாணவனை உள்ளே அழைத்துச் சென்ற தமிழ், 1971 இல் அவன் மீது 21 புள்ளிகளை மேலதிகச் சுமையாக ஏற்றியது. மருத்துவம் பயில விரும்புபவன் என்ன அறிந்திருக்கிறான் என்று வினவுவது நியாயமானது. அதனை எம்மொழியில் எழுதினான் என்பதைக் கொண்டு அவனை அளவிட்டது நியாயமன்று. கிறீன் மொழியைப் பார்த்தது மாணவரை உள்ளே சேர்ப்பதற்காக. 1971 இன் கணக்கு மொழியைப் பார்த்தது அவர்களை வெளியே நிறுத்துவதற்காக. வேறுபாடு இதுதான்.