அம்மாயி கையில இருக்கிறது பச்சையா?

வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிற எங்கட அம்மாயியின் கையில தங்கச்சி பெயர் பச்சை குத்தியிருக்கு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 525,000 பேரில் அந்தத் தங்கச்சியும் ஒருத்தர். தலைமன்னாரில கப்பல் ஏற முன்னமே குத்தினதாம்.

இப்ப தம்பி தன்ட பச்சைக் கலர் டாட்டூவை அழிக்கணுமாம். அதனாலதான் இந்தத் தேடல்.

1960இல் தியோடர் மைமன் ரூபி லேசரை உருவாக்கினார். அந்தப் பத்தாண்டிலேயே தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைப் பச்சை மீது சோதித்தார். பிரச்சினை சூடுதான், சுற்றியுள்ள தோலும் வெந்துச்சு. 1983இல் அண்டர்சனும் பாரிஷும் வழி சொன்னார்கள்: மை உறிஞ்சும் நிற ஒளியை, சூடு பரவுறதுக்குள்ள, நொடியின் மிகச் சிறு துணுக்குக்கு மட்டும் அடிக்கணும். மை நொறுங்கும், உடம்பே மெல்ல மெல்ல அள்ளிட்டுப் போகும். ஆனா நம்மட கறுத்த தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும், வெளிறிய திட்டு வரலாம். தம்பி இதைக் கேட்கவே மாட்டான்.

அம்மாயியின் 'பச்சை' உண்மையில் கரி. தோலுக்கு அடியில இருக்கிறதால அப்படித் தெரியுது. கரி எல்லா நிற ஒளியையும் உறிஞ்சும், அதனால லேசில போயிடும். தம்பியோட அசல் பச்சைதான் அடம்பிடிக்கும்.

"அம்மாயி, உங்கடத அழிக்கிறது லேசாம்" என்றேன்.

"ஏன்டி, அவ என்ன பாவம் பண்ணினா?"