மாடிப்படியில் தோன்றிய ஞானம்

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனஸ்தாபம் உண்டு. "பொங்கி வரும்போது பக்குவமாக இறக்கவும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எது பக்குவம் என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் வீட்டில் ரசம் ரசமாகத்தான் வந்து சேருகிறது. சொல்லாமல் விட்டதைப் படிக்கிறவர் தம் அநுபவத்தால் நிரப்பிக்கொள்கிறார். கதை எழுதுகிற நாங்களும் இந்தத் தயவில்தான் பிழைக்கிறோம்.

எதையுமே நிரப்பிக்கொள்ளாத வாசகர் ஒருவர் வந்து வாய்த்தால்? 1949-ஆம் வருஷம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சிலருக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். 'எட்ஸாக்' என்பது அவருடைய திருநாமம். சுமார் 3,000 வால்வுகள். பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்கள். அவற்றில் ஒலி அலைகளாக ஓடிக்கொண்டிருக்கும் எண்கள். இவ்வளவும் சேர்ந்த கம்ப்யூட்டர் அது. கட்டியவர்களுக்குத் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். அப்போது வயது 35. மே மாதம் 6-ஆம் தேதி யந்திரம் உயிர் பெற்று, 0 முதல் 99 வரை உள்ள எண்களின் வர்க்கங்களை அச்சடித்துக் கொடுத்தது. கட்டி முடித்தாயிற்று, இனிக் கட்டளை எழுதுவது சுலபம் என்றுதான் அவர்களும் எண்ணியிருந்தார்கள்.

அந்தக் கட்டளைகள் எப்படிப்பட்டவை? நீளமான அலமாரி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். எதிரே ஒரு மேஜை. கணக்கெல்லாம் மேஜைமேல்தான் நடக்கும். 'ஏ 50' என்றால், 50-ஆம் அறையில் உள்ளதை மேஜையில் இருப்பதோடு கூட்டு. 'எஸ் 50' என்றால் கழி. 'டி 60' என்றால், மேஜையில் உள்ளதை 60-ஆம் அறையில் எழுதி வைத்துவிட்டு மேஜையைத் துடைத்துவிடு. 'யூ 60' என்றால் எழுதி வை, ஆனால் துடைக்காதே.

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றுகிறது அல்லவா? 'யூ' எழுத வேண்டிய இடத்தில் 'டி' எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடை மேஜையில் இருக்கிறது என்ற நினைப்பில் நீங்கள் மேலே எழுதிக்கொண்டு போவீர்கள். யந்திரமோ சூனியத்தோடு கூட்டிக்கொண்டிருக்கும். முகம் சுளிக்காது, "ஸார், இது சரிதானா?" என்று கேட்காது.

ஒரே காரியத்தை நூறு முறை செய்யச் சொல்வது இன்னும் வேடிக்கை. "நூறு முறை செய்" என்றால் அதற்குப் புரியாது. ஓர் அறையில் 'மைனஸ் 100' என்று எழுதி வைக்க வேண்டும். காரியம் ஒரு தடவை முடிந்ததும் அதோடு 1 கூட்ட வேண்டும். பிறகு 'ஜி' என்ற கட்டளை: மேஜையில் இருப்பது சூனியத்துக்குக் குறைவானால் இன்ன இடத்துக்குத் திரும்பிப் போ, இல்லாவிட்டால் மேலே நட. எங்கே கூட்டுவது, எங்கே பார்ப்பது என்பதில் ஒரு படி பிசகினால் காரியம் 101 முறை நடந்துவிடும்.

அந்த வருஷம் ஜூன் மாதம். ஏரி என்ற வானநூல் அறிஞரின் பெயரால் வழங்கும் சமன்பாடு ஒன்றுக்கு விடை காண வில்க்ஸ் கட்டளை எழுதினார். யந்திரம் மேல் மாடியில்; தந்தி ஆபீஸில் இருப்பது போன்ற காகித நாடாவில் துளையிடும் கருவியோ கீழ் மாடியில். தவறைத் திருத்த வேண்டுமானால் இறங்கி வந்து புது நாடா செய்துகொண்டு மறுபடியும் ஏற வேண்டும். இப்படி ஏறி இறங்குகையில் ஒரு நாள் படிக்கட்டின் திருப்பத்தில் அவருக்குப் பளிச்சென்று ஓர் எண்ணம் உதித்தது: இனித் தம் ஆயுளில் பெரும் பங்கு, தாமே எழுதியதில் உள்ள தவறுகளைத் தேடுவதில்தான் கழியப்போகிறது!

அந்தக் கணக்கின் ஆரம்ப நாடா ஒன்று தப்பிப் பிழைத்திருந்தது. மார்ட்டின் காம்ப்பெல்-கெல்லி என்ற சரித்திராசிரியர் பிற்காலத்தில் அதை ஆராய்ந்தார். மொத்தம் 126 வரிகள்; தவறுகள் சுமார் 20. யந்திரத்தையே கட்டியவரின் கையெழுத்து இது!

வில்க்ஸ் இதை மூடி மறைக்கவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான். டேவிட் வீலர், ஸ்டான்லி கில் என்ற இளைஞர்களுடன் சேர்ந்து பரிகாரம் தேடினார். வர்க்கமூலம் போன்ற அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்குச் சோதித்துத் தேறிய நாடாக்களைச் செய்து இரும்பு அலமாரியில் அடுக்கினார்கள். 1951-க்குள் 87 சேர்ந்துவிட்டன. ஒருவர் திருத்திய தவறை இன்னொருவர் மறுபடியும் செய்ய வேண்டாம் அல்லவா? கில் ஒரு தந்திரம் கண்டார்: யந்திரம் ஒவ்வொரு கட்டளையை நிறைவேற்றும்போதும் அதன் எழுத்தை அச்சடிக்கச் செய்தார். எந்த இடத்தில் வழி தவறியது என்று யந்திரமே வாக்குமூலம் கொடுத்துவிடும். 1951-இல் மூவரும் சேர்ந்து, புதிதாகக் கற்பவர்களுக்காக ஒரு புஸ்தகம் வெளியிட்டார்கள். கட்டளை எழுதும் முறையோடு, தவறுகளைக் கண்டுபிடிக்கும் வழிகளுக்கும் அதில் இடம் கொடுத்திருந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் கோடைக்கால வகுப்புகளும் நடந்தன. 1951 செப்டம்பரில் மூன்று வார வகுப்புக்கு ஹாலந்திலிருந்து 21 வயதுப் பௌதிக மாணவர் ஒருவர் வந்தார். பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஊர் திரும்பி, மறு வருஷமே ஆம்ஸ்டர்டாமில் கட்டளை எழுதும் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1957-இல் அவருக்குக் கல்யாணம். பதிவுப் பத்திரத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'புரோகிராமர்' என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே உலகத்தில் கிடையாது என்று நகர அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் 'பௌதிக சாஸ்திரி' என்று எழுதிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை தாலி கட்டாத குறையாகத் தம் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்.