ஒரே காட்டு நெல், இரண்டு முகவரிகள்

 அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிர் உரப் பொட்டலங்களை வாங்கி விதைநேர்த்தி செய்யும் விவசாயிக்குப் பாக்டீரியா புதிதல்ல. காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றும் அசோஸ்பைரில்லத்தின் அதே திறமையுடைய இரண்டு பாக்டீரியாக்கள், பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் உப்புச் சேற்றில் வளரும் ஒரே காட்டு நெல்லில் கிடைத்தன. அந்தப் புல்லின் பெயர் போர்ட்டரேசியா. ஓதத்தில் மூழ்கி எழும் அது, இலையின் நுண்மயிர்கள் வழியே உப்பைக் கக்கிவிடும்.

ஆய்வை நடத்தியது சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 2004இல் அறிவிக்கப்பட்ட சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸுக்குப் புதிய பேரினமே தேவைப்பட்டது. 2008இல் வந்த விப்ரியோ போர்ட்டரேசியே, ஏற்கெனவே இருந்த பேரினத்தில் புதிய சிற்றினமாக அமர்ந்தது.

முதலாவதை வேர், தண்டு, வேரடி மண் ஆகியவற்றிலிருந்து பிரித்தார்கள். நைட்ரஜன் சேர்க்காத, அமிலத்தன்மை கொண்ட (பிஎச் 5.5) அரைக்கூழ் ஊடகம்தான் சல்லடை. காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கத் தெரியாதவை அதில் பட்டினி கிடக்கும். தெரிந்தவை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய படலமாகப் படரும். பிடிபட்டது எத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்தது, 0.35 சதவீத அசிட்டிக் அமிலத்திலும் வளர்ந்தது. வினிகர் பாக்டீரியாக்களின் குடும்ப அடையாளம் இது. ஆனால் 3 சதவீத உப்பிலும் நன்றாக வளர்ந்தது. பாக்டீரியாக்களின் உறவைக் காட்டும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை ஒப்பிட்டபோது, வினிகர் பாக்டீரியாக்களின் அசிட்டோபாக்டரேசியே குடும்பத்துக்குள் தனிக் கிளையாக நின்றது. இருந்த பேரினம் எதிலும் பொருந்தாததால் புதியது பிறந்தது.

விப்ரியோவில் சிக்கல் நேர்மாறானது. காலரா கிருமியும் சேர்ந்த இந்தப் பேரினத்தில் சிற்றினங்கள் ஏராளம். அவற்றின் 16எஸ் வரிசைகள் ஒன்றையொன்று நெருக்கமாக ஒத்திருக்கும். அதை மட்டும் நம்பினால் அண்ணனையும் தம்பியையும் பிரிக்க முடியாது. அதனால் வேறு பல மரபணுக்களையும் படித்தார்கள். அக்காலத்தில் கடைசித் தீர்ப்பு டிஎன்ஏ-டிஎன்ஏ கலப்புச் சோதனையுடையது: ஒற்றுமை 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேறு சிற்றினம்.

ஆக, ஒன்று இருந்த பேரினம் எதிலும் பொருந்தாததும், மற்றதில் உறவினர் மிக நெருங்கி இருந்ததும் ஆய்வின் பாதையை மாற்றின. விதி மட்டும் இரண்டுக்கும் பொது: மாதிரி உயிரியை இரு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். சுவாமிநாதனியா சண்டிகரிலும் பெல்ஜியத்திலும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் யாரும் வாங்கிச் சோதிக்கலாம்.

விவசாயியின் கண்ணுக்கு இரண்டும் தழைச்சத்து தருபவை. சுவாமிநாதனியா உப்பிருந்தாலும் பாஸ்பேட்டைக் கரைக்கிறது என்பது கூடுதல் லாபம். விப்ரியோ போர்ட்டரேசியே நோய் தருவது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேரினப் பெயரோடு ஒரு பொட்டலம் வயலுக்குப் போகுமுன், பாதுகாப்புச் சோதனையைத்தான் முதலில் கேட்பார்கள். எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று சொல்லிவிடுவதே வகைப்பாட்டின் நடைமுறைப் பயன்.