அம்பேத்கர் எனும் பெயர்

நம் சங்கத்து மாணவர் பதிவேட்டைப் புரட்டுவோர் அம்பேத்கர் எனும் பெயரை ஆங்காங்கே காண்பர். அரிதாய் வழங்கும் அப்பெயரின் வரலாற்றை, அதனைத் தாங்கும் பிள்ளைகளும் முழுதும் அறிந்திலர். ஆதலின் இவ்வெள்ளிவிழா மலரில் அதனைச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

மராத்திய நாட்டில் இஃது இயற்பெயர் அன்று, குடும்பப் பெயர். ‘கர்’ என்னும் ஈறு இன்ன ஊரார் என்பதைக் குறிக்கும். கொங்கணத்து இரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள அம்படவே என்னும் சிற்றூரே அண்ணலின் முன்னோர் ஊர். 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்த அவருக்கு இட்ட பெயர் பீமராவ். குடும்பத்துக்கு வழங்கிய பெயர் சக்பால். தந்தையார் இராம்ஜி ஊர்ப்பெயரால் அம்படவேகர் எனப் பள்ளியில் எழுதுவித்தார் என்றும், அன்பு பாராட்டிய பிராமண ஆசிரியர் ஒருவர் தம் குடும்பப் பெயராகிய அம்பேத்கர் என்பதை ஏட்டில் பதித்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர்.

தமிழகத்தில் குடும்பப் பெயர் வழக்கு பெரிதும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னிற்க, தன் பெயர் பின்வரும். ஆதலின் உலகறிந்த அம்பேத்கர் என்பதே இங்கு இயற்பெயராயிற்று. 1991-ஆம் ஆண்டு அண்ணலின் நூற்றாண்டை ஒட்டி எழுந்த விழிப்புணர்வு இப்பெயருக்கு மேலும் ஏற்றம் தந்தது. அம்படவேயைக் கண்டறியாத பிள்ளைக்கு இப்பெயர் ஊரைச் சுட்டுவதன்று. ஒரு மனிதரையும் அவர் கல்வியையும் சுட்டுவது.

நம் பாட்டன்மார் பலர் குப்பன், மண்ணாங்கட்டி என்றே அழைக்கப்பட்டனர். நரைத்த பின்னும் ஆண்டைவீட்டுச் சிறுவரால் ஒருமையில் விளிக்கப்பட்டனர். இன்றோ வருகைப் பதிவு வாசிக்கும் ஆசிரியர் எக்குலத்தாராயினும், அம்பேத்கர் என முழுப்பெயர் சொல்லியே அழைத்தாக வேண்டும். எனினும், இப்பெயர் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும், வேலைக்குத் தடையாகும் என அஞ்சி வேறு பெயர் எழுதுவித்த பெற்றோரும் நம்முள் உண்டு. அவரை யாம் குறை கூறோம், அவ்வச்சம் காரணமற்றதன்று.

ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். அண்ணல் 1900 நவம்பர் 7 அன்று சதாரா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். ஏட்டில் பெயர் ஏறியது; வகுப்பிலோ பிறரோடு இருக்கை இல்லை. மூலையில் தனித்து அமரத் தமக்கென ஒரு சாக்குத்துணியை நாள்தோறும் வீட்டிலிருந்து கொண்டுசென்று, மாலையில் திரும்பக் கொணர்ந்தார். பள்ளி ஏவலாளர் நீர் வார்த்தாலன்றி அவர்க்குக் குடிநீரும் இல்லை.

ஆதலின், பெற்றோரே! பிள்ளைக்கு அப்பெயரை இடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. இடையில் பள்ளியை விட்டு நிறுத்தாது இறுதி வகுப்புவரை அனுப்புவீர்; நூலும் கட்டணமும் குறையுமாயின் சங்கத்தை நாடுவீர்.